மாட்டுக்குச் சோளம் போடுவதற்கு முன் ஒரு கணக்கு

சோளம் என்றால் நம் பிள்ளைகளுக்கு இரவுச் சந்தையில் வெண்ணெய் தடவிக் கிண்ணத்தில் தரும் ஜாகோங்தான் நினைவுக்கு வரும். இன்று நாம் பேசப் போவதும் அதே இனத்துச் செடியைப் பற்றித்தான். ஆனால் நம் வாய்க்காக அல்ல, மாட்டின் வாய்க்காக. கறவை மாடு வைத்திருக்கும் குடும்பம் மாட்டுக்கென்று மக்காச்சோளம் பயிரிடலாமா? அதற்கு எவ்வளவு செலவாகும், எங்கே கையைச் சுடும்? இதை நாங்கள் படித்துச் சொல்வது பாதி, பட்டுச் சொல்வது பாதி.

இந்தக் கேள்வி ஏன் எழுகிறது என்பது மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். கன்று மரம் நட்ட புதிதில் தோட்டத்தில் புல்லுக்குப் பஞ்சமில்லை. மரங்களுக்கு இடையே மூடுகொடி படர்ந்திருக்கும். அவரை இனத்தைச் சேர்ந்த அந்தக் கொடியில் சத்து அதிகம். நிர்வாகம் மட்டும் அனுமதித்தால் மாடு கொழுத்துவிடும். ஆனால் செம்பனை நட்டு ஐந்தாறு ஆண்டுகளில் ஓலைகள் ஒன்றோடொன்று கோத்துக் குடை பிடித்துவிடுகின்றன. வெயில் தரையில் விழாவிட்டால் புல் எங்கே முளைக்கும்? நேற்றுவரை அரைமணி நேரத்தில் ஒரு கட்டுப் புல் அறுத்த இடத்தில் இன்று இரண்டு மணி நேரம் அலைந்தாலும் அரைக் கட்டுத்தான் தேறுகிறது. பால்மரத் தோட்டத்திலும் இதே கதைதான்.

அப்படிப் புல் குறைந்த ஒரு காலத்தில்தான், 2023-ஆம் ஆண்டு, நாங்களும் சோளத்தில் இறங்கினோம். எங்கள் வீட்டில் அப்போது மூன்று பசுக்கள். இரண்டு கறவை, ஒன்று சினை. மின்கம்பி செல்லும் பாதைக்கு அடியில் மரமில்லாத அரை ஏக்கர் நிலம் சும்மா கிடந்தது. போட்டுக்கொள்ளுங்கள் என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். பக்கத்து லயத்து அண்ணன், “சோளத்தட்டையைத் தின்ன மாடு வேற புல்லைத் திரும்பிக்கூடப் பாக்காதுப்பா. பாலும் கூடும்” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. சோளம் இனிப்பான, மாவுச்சத்து மிகுந்த தீவனம். கதிரில் பால் கட்டி மாவாகும் பருவத்தில் செடியோடு வெட்டிப் போட்டால், யானைப்புல் தராத தெம்பை அது தரும். அண்ணன் மறந்தது ஒன்றே ஒன்றுதான். மாட்டின் வாய்க்கு வந்து சேரும்வரை அந்தச் செடி எத்தனை வாயைக் கடந்து வர வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை.

முதலில் கைக்காசுக் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். விலைகள் எங்களுக்கு அன்றைக்கு விழுந்தவை. உங்கள் ஊர்க் கடையில் வேறாக இருக்கும். ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது.

நம் நாட்டு மேட்டு மண் பெரும்பாலும் புளிப்பு மண். ரப்பரும் செம்பனையும் அதைத் தாங்கிக்கொள்ளும், சோளம் தாங்காது. வேர் குறுகிச் செடி ஊதா நிறம் அடித்து நின்றுவிடும். ஆகவே ஏக்கருக்கு ஒரு டன் அளவு சுண்ணாம்புத் தூள் போட வேண்டும். அரை ஏக்கருக்கு ஐம்பது கிலோ மூட்டை பத்து, 120 வெள்ளி. உழவு இயந்திரக் கூலி 200. விதை ஐந்து கிலோ, 150. அடியுரத்துக்குக் கலப்பு உரம் இரண்டு மூட்டை, 260. மேலுரமாக யூரியா ஒரு மூட்டை, 120. களைக்கும் புழுவுக்கும் மருந்து 90. கம்பியும் முளைக்குச்சியும் 160. ஆக மொத்தம் 1,100 வெள்ளி. இந்தப் பணம் பெட்டியில் இருந்த பணம் அல்ல. அம்மா பிடித்த கூட்டில் விழுந்த பணம். பெரிய பிள்ளையின் பள்ளிச் செலவுக்கென்று எண்ணி வைத்திருந்தது. பால் விற்று ஜனவரிக்குள் திருப்பி வைத்துவிடலாம் என்று எடுத்தோம்.

நல்ல நிலத்தில், நல்ல மழையில், ஏக்கருக்குப் பத்து டன் பச்சைத் தீவனம் கிடைக்கலாம். தேர்ந்த விவசாயிகள் அதற்கு மேலும் எடுப்பார்கள். நாங்கள் அரை ஏக்கரில் ஐந்து டன், அதாவது ஐயாயிரம் கிலோ, எதிர்பார்த்தோம். ஆயிரத்து நூறு வெள்ளியை ஐயாயிரம் கிலோவால் வகுத்தால் கிலோ 22 காசு. அடேயப்பா, எவ்வளவு மலிவு என்று தோன்றுகிறதல்லவா? எங்களுக்கும் தோன்றியது.

இங்கேதான் முதல் ஏமாற்றம். பச்சைச் சோளத்தில் நான்கில் மூன்று பங்கு தண்ணீர். காய்ந்த எடை ஒரு பங்குதான். மாட்டின் வயிற்றில் பாலாக மாறுவது அந்த ஒரு பங்கு. ஆகவே உண்மை விலை 22 காசு அல்ல, அதன் நான்கு மடங்கு: காய்ந்த எடையில் கிலோ 88 காசு. செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு அன்று எங்களுக்குக் கிலோ 80 காசுக்குக் கிடைத்தது. புண்ணாக்கில் தண்ணீர் பத்தில் ஒரு பங்குதான். எனவே அதன் காய்ந்த எடை விலையும் ஏறத்தாழ 89 காசு. புரதச் சத்தோ பச்சைச் சோளத்தின் காய்ந்த எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு, புண்ணாக்கில் பதினாறை ஒட்டி. அதாவது எல்லாம் நல்லபடி நடந்து முழு விளைச்சல் வந்தாலும், எங்கள் சோளம் கடைப் புண்ணாக்கின் விலைக்குத்தான் வந்து நிற்கும். இதை விதை வாங்குவதற்கு முன்பே பத்து நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம். நாங்கள் கண்டுபிடித்தது அறுவடைக்குப் பிறகு.

புண்ணாக்கை மட்டுமே போட்டு மாட்டை வளர்க்க முடியாது. அசைபோட நார் வேண்டும். அதனால் இரண்டையும் ஒன்றாகவே நிறுத்துப் பார்ப்பது முழுச் சரியல்ல. ஆனாலும் நாருக்கு அறுத்த புல் இருக்கிறது, ஓலையை நறுக்கியும் போடுகிறார்கள். தெம்புக்குத்தான் சோளமா புண்ணாக்கா என்ற கேள்வி. ஆடு வளர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. செம்பனைப் புண்ணாக்கில் செம்பு அதிகம். செம்மறிக்கு அதைத் தாராளமாகப் போட்டால் ஈரல் கெட்டுச் செத்துப்போகும். மாடு அதைத் தாங்கும்.

அடுத்தது உழைப்புக் கணக்கு. இதை நம் குடும்பங்களில் யாரும் எழுதுவதே இல்லை. வெட்டு முடிந்து, எடை போட்டு வீடு வந்த பிறகு, மத்தியான வெயிலில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறோம். அது வேலை இல்லையா? எங்கள் வீட்டில் அந்த ஒரு போகத்துக்கு முழு நாளாக மாற்றிப் பார்த்தால் 31 நாள் உழைப்பு ஆனது. அதில் பாதிக்கு மேல் அம்மாவும் அத்தையும் களை பிடுங்கியது. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆக்கப்பட்டது. 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளி. அந்த மத்தியான நேரத்தில் வேறு கூலி கிடைத்திருக்காது என்று யாராவது வாதாடலாம். சரி, பாதிக் கூலி என்றே வைப்போம். 31 நாளுக்கு ஆயிரம் வெள்ளி ஆகிவிட்டது. கையிலிருந்து போட்ட பணம் அளவுக்கு முதுகிலிருந்தும் போட்டிருக்கிறோம்.

இது எல்லாம் சரியாக நடந்தால் உள்ள கணக்கு. எங்களுக்குச் சரியாக நடக்கவில்லை.

முளைத்த பத்தாம் நாள் குருத்தில் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது. இலையை விரித்தால் மரத்தூள் போல எச்சம், உள்ளே புழு. அமெரிக்கப் படைப்புழு என்று சொல்லும் இது நம் நாட்டுக்கு வந்தது 2019-இல்தான். 2016-இல் ஆப்பிரிக்கா, 2018-இல் இந்தியா, மறு ஆண்டு இங்கே. பெரியவர்கள் அந்தக் காலத்தில் மருந்தே இல்லாமல் சோளம் போட்டோமே என்பார்கள். அந்தக் காலத்தில் இந்தப் புழு இங்கே இல்லை. குருத்துக்குள் புகுந்துவிட்டால் மருந்து எட்டாது. அதனால் முதல் மூன்று நான்கு வாரம் இரண்டு நாளைக்கு ஒருமுறை நடந்து பார்த்தே ஆக வேண்டும். மருந்தடித்த தட்டையை எத்தனை நாள் கழித்து மாட்டுக்குப் போடலாம் என்று புட்டியில் எழுதியிருக்கும். எழுத்துச் சிறிதாக இருக்கும், பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

மழையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், உங்களுக்குத் தெரியும். செடி சிறிதாக இருக்கும்போது இரண்டு மூன்று நாள் தண்ணீர் தேங்கினால் மஞ்சளித்துச் சாகும். பட்டுநூல் தள்ளும் வாரத்தில் வெயில் வறுத்தால் கதிர் பொக்காகும்.

ஆனால் காட்டுப் பன்றியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும். கதிர் பால் கட்டும் வாசனை அதற்கு எப்படித்தான் எட்டுமோ தெரியவில்லை. எழுபதாம் நாளுக்கு முன் ஒரு தடம்கூட இல்லை. எழுபத்திரண்டாம் நாள் இரவு வந்தது. பன்றி ஒரு கதிரைத் தின்ன ஒரு செடியைச் சாய்ப்பதில்லை. நெஞ்சால் தள்ளிக்கொண்டே போய்ப் பத்துச் செடியைப் படுக்கவைத்து, இரண்டைக் கடித்து, மீதியை மிதித்துச் சேறாக்கிவிட்டுப் போகிறது. தகரம் கட்டித் தட்டினோம், பழைய சட்டை கட்டினோம், தம்பி இரண்டு இரவு பரண் போட்டு உட்கார்ந்தான். மூன்றாம் இரவு உட்கார முடியுமா? காலை ஐந்து மணிக்குப் பெரட்டுக்குப் போக வேண்டுமே. மூன்றாம் இரவு மறுபடி வந்தது. ஐயாயிரம் கிலோ எதிர்பார்த்த இடத்தில் நாங்கள் நிறுத்துப் பார்த்தது 2,200 கிலோ. ஆயிரத்து நூறை அதால் வகுத்தால் பச்சை எடையில் கிலோ 50 காசு. காய்ந்த எடையில் இரண்டு வெள்ளி. இரண்டு வெள்ளிக்கு இரண்டரைக் கிலோ புண்ணாக்கு வாங்கியிருக்கலாம்.

அந்த மூன்றாம் இரவில் வேலி சாய்ந்ததே, அதன் விளைவு அதைவிடப் பெரிது. கொட்டகையில் கட்டியிருந்த கறவைப் பசு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு போய், விடிய விடியக் கீழே கிடந்த கதிர்களைத் தின்றிருக்கிறது. மாடு சோளம் தின்றால் நல்லதுதானே என்று கேட்கலாம். பழகாத மாட்டின் இரைப்பையில் மாவுச்சத்து ஒரே நேரத்தில் போய்க் குவிந்தால் அது நொதித்துப் புளித்து அமிலமாகிவிடும். காலையில் பார்த்தால் தலையைத் தொங்கப் போட்டு நிற்கிறது. அசைபோடவில்லை. இடப்பக்க வயிறு கல்லுப்போல் இருந்தது. சாணம் கூழாகக் கழிந்து, புளித்த நாற்றம் அடித்தது. அம்மாதான் முதலில் கண்டுகொண்டார்கள். அத்தை கஞ்சி காய்ச்சப் போனார்கள், வேண்டாம் என்று தடுத்தோம். அந்த நிலையில் கஞ்சி கொடுப்பது நெருப்பில் எண்ணெய். தின்ன மிச்சத்தை அப்புறப்படுத்திவிட்டுக் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டோம். அவர் வந்து ஊசி போட்டு, குழாய் வைத்து மருந்து ஊற்றிக் காப்பாற்றினார். இன்னும் சில மணி நேரம் விட்டிருந்தால் விழுந்திருக்கும் என்றார். உயிர் பிழைத்தது. ஆனால் அந்த ஈற்றுக்கு அதன் பால் பழையபடி ஏறவே இல்லை. ஒரு மாதம் கழித்துக் குளம்பு வலி வந்து நொண்டியது. இந்த அமிலக் கோளாறு கண்ட மாடுகளுக்குப் பின்னால் இப்படி வருவதுண்டாம். இதை எங்கள் 1,100 வெள்ளிக் கணக்கில் எந்த வரியில் எழுதுவது?

வெளிநாடுகளில், அமெரிக்கா போன்ற இடங்களில், நின்ற சோளத்துக்குள்ளேயே மாட்டை மேயவிடும் பழக்கம் உண்டு. கேட்கச் சுலபமாக இருக்கும்: வெட்ட வேண்டாம், சுமக்க வேண்டாம். ஆனால் அவர்கள் மின்வேலி கட்டி, ஒரு நாளைக்கு வேண்டிய துண்டு மட்டும் திறந்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு வாரம் பத்து நாள் கொஞ்சங்கொஞ்சமாகப் பழக்குகிறார்கள். வயிறு நிறையப் புல் கொடுத்த பிறகே உள்ளே விடுகிறார்கள். இல்லாவிட்டால் மாடு முதல் நாளே ஓடியோடிக் கதிரை மட்டும் பொறுக்கித் தின்றுவிடும், தட்டையை மிதித்துப் பாழாக்கும். நம் தோட்டத்தில் கயிறும் முளையும்தான் இருக்கின்றன. ஆகவே நமக்கு வெட்டிச் சுமந்து, நறுக்கிப் போடுவதே வழி. அதிலும் முதல் நாள் இரண்டு மூன்று கிலோவில் தொடங்கி ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

இன்னோர் ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. யூரியாவை அள்ளிப் போட்ட சோளம் வெயிலில் வாடி நின்று, பிறகு திடீரென்று மழை பெய்தால், தட்டையின் அடிப்பகுதியில் நைட்ரேட் என்னும் உப்பு சேர்ந்துவிடுகிறது. அதைத் தின்ற மாட்டின் இரத்தம் காற்றைச் சுமக்க முடியாமல் சாக்லெட் நிறமாகிவிடும். மூச்சுத் திணறிச் சில மணி நேரத்தில் விழுந்துவிடும். அப்படிப்பட்ட மழைக்குப் பிறகு ஒரு வாரமாவது பொறுத்து வெட்டுங்கள். வெட்டும்போது அடித்தட்டையை ஒரு சாண் விட்டு மேலே வெட்டுங்கள். பூசணம் பிடித்த கதிரையும் போடக் கூடாது. அந்த நஞ்சு பாலில் இறங்கும், அந்தப் பாலைக் குடிப்பது நம் பிள்ளைகளும் நம்மிடம் வாங்குகிறவர்களின் பிள்ளைகளும்.

சரி, பன்றி வரவில்லை, புழு வரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. எங்களுக்கு அதுதான் முக்கியமாகத் தெரிகிறது. மாடு தினமும் தின்கிறது. சோளம் ஒரே நாளில் முதிர்கிறது. அரை ஏக்கரையும் ஒரே வாரத்தில் விதைத்தால், ஒரே பத்துப் பன்னிரண்டு நாளில் முழுவதையும் வெட்டியாக வேண்டும். தாண்டினால் தட்டை கட்டையாகி மாடு தள்ளிவிடும். ஐந்து டன்னை மூன்று மாடு பத்து நாளில் எப்படித் தின்னும்? 350 கிலோ எடையுள்ள ஒரு பசு நாளொன்றுக்கு ஏறத்தாழ 35 கிலோ பச்சைத் தீவனம்தான் தின்னும். மீதியை நறுக்கி, நீலப் பிளாஸ்டிக் பீப்பாயில் காற்றுப் புகாமல் மிதித்து அடைத்து ஊறுகாய்ப் புல் ஆக்கலாம். மூன்று நான்கு வாரத்தில் பழத்தின் புளிப்பு வாசனையோடு நன்றாகவே வரும், மாதக் கணக்கில் நிற்கும். ஆனால் டன் டன்னாக நறுக்க இயந்திரம் வேண்டும். பீப்பாய் ஒன்றுக்கு நூறு நூற்றைம்பது கிலோ என்றால் எத்தனை பீப்பாய் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். மூடி சரியாக இல்லாத பீப்பாயைத் திறந்து பார்த்த நாளை நாங்கள் இன்னும் மறக்கவில்லை.

இதற்கு வேறு வழி, வாரா வாரம் கொஞ்சம் விதைப்பது. இதைக் கணக்காகவே சொல்கிறோம். மூன்று மாட்டுக்கும் தீவனத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, ஆளுக்கு 15 கிலோ சோளம் என்றால் நாளைக்கு 45 கிலோ. சுமாரான செடி அரைக் கிலோ தேறும். ஆக நாளைக்கு 90 செடி, வாரத்துக்கு 630 செடி. வரிசைக்கு வரிசை 75 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 25 சென்டிமீட்டர் என்றால் இதற்குப் பதினொரு மீட்டர் நீளமும் பதினொரு மீட்டர் அகலமும் கொண்ட பாத்தி போதும். விதைத்து வெட்ட எண்பது நாள், அதாவது பன்னிரண்டு வாரம். பன்னிரண்டு பாத்தி. எல்லாம் சேர்த்தால் ஏக்கரில் மூன்றில் ஒரு பங்குதான்! காகிதத்தில் மிக அழகாக இருக்கிறது. ஆனால் வாரம் தவறாமல் ஒரு பாத்தி விதைக்கவும், ஒரு பாத்தி களையெடுக்கவும், ஒரு பாத்தி வெட்டவும் ஆள் வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல், துக்க வீடு, தீபாவளி என்று இரண்டு வாரம் விட்டுப்போனால் மூன்று மாதம் கழித்து இரண்டு வாரம் தொட்டி காலி. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இதில் பன்றி வந்தாலும் ஒரு பாத்திதான் போகும், அரை ஏக்கரும் போகாது.

நிலத்தைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. நாங்கள் பத்து மூட்டைச் சுண்ணாம்பு போட்டோம். அதன் பலன் இரண்டு மூன்று ஆண்டு நிற்கும். ஆனால் இரண்டாவது போகத்துக்கு முன்னாலேயே அந்த இடம் வேறு தேவைக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வாய்வார்த்தைதானே, யாரிடம் போய்க் கேட்பது? பிறர் மண்ணுக்கு நாங்கள் மருந்து போட்டது போலாயிற்று. தோட்ட நிலமானால் எத்தனை போகத்துக்கு என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அரசாங்க நிலமானால் நில அலுவலகத்தில் தற்காலிக அனுபவ உரிமம், டி.ஓ.எல். என்பார்கள், அதற்கு மனுச் செய்யலாம். அதுவும் அந்தந்த ஆண்டு டிசம்பரோடு முடிந்துவிடும். மறுபடி புதுப்பிக்க வேண்டும், புதுப்பித்தே தருவார்கள் என்ற உறுதி கிடையாது. ஆகவே அக்டோபரில் விதைக்கிறவர்கள் நாள்காட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் புல் குறைந்த குடும்பம் என்ன செய்வது? எங்கள் வீட்டில் இப்போது அடிப்படை யானைப்புல்தான். நேப்பியர் என்றும் சொல்வார்கள். விதை வாங்க வேண்டாம், இருப்பவர்களிடம் கரணை கேட்டால் கொடுப்பார்கள். ஒருமுறை ஊன்றினால் ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை அறுத்துக்கொண்டே இருக்கலாம், நான்கைந்து ஆண்டு மறுபடி நட வேண்டியதில்லை. வெட்டிய பிறகு சாணத்தைத் திருப்பிப் போட்டால் பாதி உரச் செலவு மிச்சம். சோளத்தின் தெம்பு அதில் இல்லை. ஆனால் பன்றிக்கு அதில் ஆசையும் இல்லை. தெம்புக்குப் புண்ணாக்கை அளவாகச் சேர்க்கிறோம். தோட்டத்து வரப்பில் புல் அறுக்கிறவர்கள் எப்போது மருந்தடித்தார்கள் என்று மண்டோரிடம் கேட்காமல் கத்தி வைக்காதீர்கள். பாராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லி 2020 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. ஆனால் மற்ற களைக்கொல்லிகள் தெளிக்கப்படுகின்றன.

சோளத்தையே மாட்டுக்குக் கொடுக்க வேண்டுமென்றால், மிக மலிவான சோளம் அடுத்தவர் போட்ட சோளம்தான்! சிரிக்காதீர்கள். சந்தைக்கு இனிப்புச் சோளம் போடுகிறவர்கள் எழுபது எழுபத்தைந்து நாளில் கதிரை ஒடித்துவிடுகிறார்கள். தட்டை அப்போது பச்சையாகவே நிற்கும். அதை அவர்களே உழுது மடக்க வேண்டும், அது அவர்களுக்குச் செலவு. எங்களுக்கு இரண்டு மைலில் ஒரு மலாய்க்காரர் பாக் சிக் இருக்கிறார். வெட்டிக்கொண்டு போங்கள் என்கிறார். அவருக்கு நாங்கள் ஒரு லாரிச் சாணம் கொடுக்கிறோம். கடைசி மருந்து அடித்த தேதியை அவர் வேலிக் கம்பத்தில் சுண்ணாம்பால் எழுதி வைத்துவிடுவார். கதிர் போன தட்டையில் மாவுச்சத்து குறைவு. ஆனால் அதே காரணத்தால் வயிறு புளிக்கும் பயமும் குறைவு.

உங்கள் வீட்டிலேயே போடுவதானாலும் இதே வழியை யோசிக்கலாம். இனிப்புச் சோளம் போட்டுக் கதிரைச் சந்தையில் விற்று உரக்காசை எடுத்துவிட்டால், தட்டை மாட்டுக்கு இலவசம். பன்றியும் புழுவும் அப்போதும் வரும். ஆனால் நட்டம் முழுவதும் மாட்டின் தலையில் விழாது. எதை வைத்துப் போட்டாலும், அந்தப் பணம் போனால் அடுத்த மாதம் அரிசி வாங்க முடியுமா, பிள்ளையின் பள்ளிப் பணம் கட்ட முடியுமா என்று வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அன்று பேசவில்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டு எடுத்தோம், கேட்டுவிட்டு எடுக்கவில்லை. அந்தக் கூட்டுப் பணத்தை அடைக்கச் சினைப் பசு ஈன்ற கிடாரிக் கன்றை விற்க வேண்டியதாயிற்று. நல்ல கன்று. நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருந்தது.

அம்மாவுக்குச் சோளத்தின் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் இந்தப் போகத்தில் கொட்டகைக்குப் பின்னால், நாய் கட்டியிருக்கும் இடத்தை ஒட்டி, எட்டு வரிசை மட்டும் போட்டிருக்கிறோம். சுண்ணாம்புக்குப் பதில் அடுப்புச் சாம்பல், உரத்துக்குச் சாணம், விதைக்கு மட்டும் இருபது வெள்ளி. இன்று அறுபத்தோராம் நாள். பட்டுநூல் தள்ளிவிட்டது. இன்னும் பத்து நாளில் பன்றிக்கு வாசனை எட்டும். நாய்க்கு முன்னால் எட்டுமா, பின்னால் எட்டுமா என்று பார்க்க வேண்டும்.